டேட்டாபேஸ் கிடைக்கவில்லை என்றால், எதுவரை கிடைத்தது?

ஒரு விஎம்மை, அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியை, வேறொரு கணினிக்கு மாற்றுகிறோம். மாற்றிய பிறகு வெப் அப்ளிகேஷன் திறக்கிறது, ஆனால் 'டேட்டாபேஸுடன் இணைக்க முடியவில்லை' என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு நிற்கிறது. சர்வர் வேலையில் இருக்கிற எல்லாரும் இந்த வரியை என்றைக்காவது பார்த்திருப்பார்கள். பார்த்ததும் பாதிப் பேர் பாஸ்வேர்டை மாற்றுவார்கள், மீதிப் பேர் ஃபயர்வாலை, அதாவது நெட்வொர்க்கில் எதை உள்ளே விடலாம் என்று பார்க்கும் காவலை, நிறுத்துவார்கள். இரண்டுமே அவசரம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் குறைந்தது ஐந்தாறு வெவ்வேறு பிழைகள் இருக்கின்றன. எது என்று தெரிந்துகொள்ளாமல் எதையும் தொடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கல்லிடைக்குறிச்சியில் ஓர் அப்பளக் கடைக்காக இந்த வேலையைப் பார்த்தேன். அதை வைத்தே சொல்கிறேன்.

கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைப் பற்றி நெல்லைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கடையில் முன்பக்கம் மொத்த வியாபாரம், பின்பக்கம் மாவு பிசையும் இடம். அக்கம்பக்கத்துப் பெண்கள் மாவை எடை போட்டு வாங்கிப்போய், வீட்டில் அப்பளம் இட்டு, காயவைத்துக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். யார் எவ்வளவு மாவு எடுத்தார், எவ்வளவு அப்பளம் திரும்பி வந்தது, கூலி எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் முன்பு நோட்டில் இருந்தது. இப்போது ஒரு வெப் அப்ளிகேஷனில் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் கூலி நாள். அன்றைக்குக் கணக்குத் திரை வரவில்லை என்றால், கூலிக்கு வந்தவர்கள் கைக்குழந்தையோடு வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். சின்னக் கடை, சின்ன அப்ளிகேஷன் என்று நான் இதை எடுத்துக்கொள்ளாததற்கு அதுதான் காரணம்.

அங்கே ஒரு பழைய விண்டோஸ் கணினியில் விஎம்களை ஓட்டும் விஎம்வேர் என்ற மென்பொருளைப் போட்டு, அதற்குள் இரண்டு உபுண்டு லினக்ஸ் விஎம் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றில் பிஹெச்பியில் எழுதிய வெப் அப்ளிகேஷன், இன்னொன்றில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். பழைய கணினி வெயில் காலத்தில் சூடாகி நின்றுபோகிறது என்று ப்ராக்ஸ்மாக்ஸ் (இதுவும் விஎம்களை ஓட்டுவதுதான்) போட்ட ஒரு சின்ன சர்வர் வாங்கினார்கள். விற்றவர்களே வெப் விஎம்மைப் புதியதற்கு மாற்றிக் கொடுத்தார்கள். டேட்டாபேஸ் விஎம்மைப் பிறகு மாற்றலாம் என்று பழைய கணினியிலேயே விட்டுவிட்டார்கள். அப்புறம்தான் கடைக்காரர் எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, பக்கம் வருது, கணக்கு வரமாட்டேங்கு. டேட்டாபேஸ் கிடைக்கலைன்னு சொல்லுது. உள்ள இருந்ததெல்லாம் போயிட்டோன்னு பயமா இருக்கு."

"அண்ணாச்சி, ஒண்ணும் போகல. அது அங்கனதான் இருக்கு. இதுக்கும் அதுக்கும் நடுவுல வழிதான் அடைச்சிருக்கு. நான் வாரேன், அதுவரைக்கும் யாரும் எதையும் அழிக்க வேண்டாம்."

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். 'இணைக்க முடியவில்லை' என்றால் 'அழிந்துவிட்டது' என்று பொருள் இல்லை. பயத்தில் யாராவது பழைய பேக்கப்பை எடுத்து மேலே கொட்டிவிட்டால், நன்றாக இருந்த கணக்கும் அப்போதுதான் போகும்.

திரையில் வந்தது அந்த ஒற்றை வரிதான். அப்ளிகேஷனை எழுதியவர்கள் எந்தப் பிழை வந்தாலும் அதையே காட்டும்படி வைத்திருந்தார்கள். பிழைகளைப் பதிந்து வைக்கும் லாக் ஃபைலைத் திறந்தால் உண்மை இருந்தது: எஸ்க்யூஎல்ஸ்டேட் ஹெச்ஒய்000, 2002, கனெக்ஷன் டைம்டு அவுட். கடைசி மூன்று சொல்தான் முக்கியம். அதே இடத்தில் 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்று இருந்திருந்தால் நான் தேடும் இடமே வேறு.

கன்னடியன் கால்வாயில் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், வயல்காரர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையோடு மேலே நடப்பார். எந்த மடை வரை தண்ணீர் வந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் எங்கே வெட்டுவது என்று முடிவு செய்வார். டேட்டாபேஸ் இணைப்பும் அப்படித்தான். ஒவ்வொரு பிழையும், கேள்வி எதுவரை போய் நின்றது என்பதைத்தான் சொல்கிறது.

டைம்டு அவுட், அதாவது லினக்ஸ் எண்ணில் 110: நாம் அனுப்பிய பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தகவல் பொட்டலம்) கிளம்பியது, எந்தப் பதிலும் இல்லை. நடுவில் ஒரு ஃபயர்வால் சத்தமில்லாமல் அதைக் கீழே போட்டிருக்கலாம், அல்லது பதில் வேறு எங்கோ போயிருக்கலாம். 113 என்றால் 'நோ ரூட் டு ஹோஸ்ட்'. அதே நெட்வொர்க்கில் அந்த முகவரியைக் கூப்பிட்டுப் பார்த்தும் 'நான்தான்' என்று யாரும் சொல்லவில்லை, அல்லது ஒரு ஃபயர்வால் வாய்விட்டு மறுத்துவிட்டது. 111, ரெஃப்யூஸ்டு, உண்மையில் நல்ல செய்தி. எதிர்க் கணினி உயிரோடு இருக்கிறது, நம் கேள்வி அதுவரை போய்விட்டது, ஆனால் மைஎஸ்க்யூஎல்லின் வாசலான 3306 போர்ட்டில் கேட்க ஆள் இல்லை என்று அநேகமாக அதுவே பதில் அனுப்பியிருக்கிறது. மைஎஸ்க்யூஎல் ஓடவில்லை, அல்லது ஓடினாலும் 127.0.0.1இல், அதாவது தன் கணினிக்குள்ளிருந்து வருவதற்கு மட்டும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது.

நான்கு இலக்க எண்களில் 2002ம் 2003ம் நம் பக்கத்து கிளையன்ட், அதாவது டேட்டாபேஸைக் கூப்பிடும் மென்பொருள், சொல்வது. ஆயிரத்தில் தொடங்குவதை அந்தப் பக்கத்திலிருந்து மைஎஸ்க்யூஎல்லே சொல்கிறது. 1130 வந்தால் நெட்வொர்க் முழுக்கச் சரி. இந்த முகவரியிலிருந்து வருகிறவர்களை உள்ளே விட டேட்டாபேஸில் அனுமதி இல்லை. 1045 யூசர், பாஸ்வேர்ட் விவகாரம். 1049 என்றால் லாகின்கூட முடிந்தது, கேட்ட பெயரில் டேட்டாபேஸ்தான் இல்லை. 1045 வந்த பிறகும் ஃபயர்வாலை நோண்டிக்கொண்டிருக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. வேலை செய்கிற ஒன்றைக் கெடுத்துவிட்டு, கெட்டதை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

கடையில் கணக்குப் பார்க்கும் பெண் ஒருத்தி, வேலைக்கு நடுவே தபாலில் பிசிஏ படிக்கிறாள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் நல்ல கேள்வி கேட்டாள். "அண்ணே, பிங் போவுதே. பொறவு ஏன் கனெக்ட் ஆவல?"

பிங் என்பது 'இருக்கிறாயா?' என்று ஒரு கணினியைக் கூப்பிட்டுப் பார்ப்பது. அது போகிறது என்றால் அந்தக் கணினி இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். பிங் ஐசிஎம்பி என்ற நெட்வொர்க் முறையில் போகிறது, மைஎஸ்க்யூஎல் டிசிபி என்ற வேறு முறையில் 3306க்குப் போகிறது. உபுண்டுவின் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால், சும்மா இயக்கிவிட்டாலே, பிங்கை விட்டுவிடும். நாம் அனுமதிக்காத போர்ட்டுக்கு வருவதைப் பதில் சொல்லாமல் போட்டுவிடும். பிங் போய், போர்ட்டில் டைம்டு அவுட் ஆனால், சந்தேகம் முதலில் ஃபயர்வால் மேல்தான்.

டேட்டாபேஸ் விஎம்முக்குள் போய் விதிகளைப் பார்த்தோம். 3306க்கு ஒரே ஒரு அனுமதி இருந்தது: 192.168.1.20இலிருந்து வந்தால் விடு. வெப் விஎம்மின் முகவரியோ இப்போது 192.168.1.57. முகவரி ஏன் மாறியது என்பதில்தான் விஎம் மாற்றத்தின் சாரமே இருக்கிறது.

விஎம்வேரில் அந்த விஎம்மின் நெட்வொர்க் கார்டுக்கு ஈஎன்எஸ்33 என்று பெயர். ப்ராக்ஸ்மாக்ஸில் அதே உபுண்டு எழுந்தபோது கார்டு ஈஎன்எஸ்18 ஆகிவிட்டது. கார்டு எந்த மெய்நிகர் ஸ்லாட்டில் இருக்கிறது என்பதை வைத்து லினக்ஸ் பெயர் வைப்பதால் வரும் மாற்றம் இது. ஆனால் உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பை எழுதிவைக்கும் நெட்பிளான் ஃபைலில் 'ஈஎன்எஸ்33க்கு 192.168.1.20 கொடு' என்றுதான் எழுதியிருந்தது. அப்படி ஒரு கார்டே இல்லை, அதனால் முகவரியும் இல்லை. மாற்றிக் கொடுத்தவர்கள் நெட்வொர்க் வரவில்லை என்று பார்த்து, ஈஎன்எஸ்18க்கு டிஹெச்சிபி, அதாவது ரௌட்டரிடமிருந்து தானாக முகவரி வாங்கும் அமைப்பு, போட்டுவிட்டார்கள். ரௌட்டர் கையில் இருந்த 57ஐக் கொடுத்தது. பிரவுசரில் 57 என்று அடித்தால் பக்கம் வந்தது. வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டார்கள்.

இந்த இடத்தில் இரண்டு வழி. ஒன்று, 57ஐ ஃபயர்வாலில் சேர்ப்பது. சேர்த்தால் அடுத்து 1130 வந்திருக்கும். மைஎஸ்க்யூஎல்லில் யூசர் என்பது வெறும் பெயர் இல்லை, எந்த முகவரியிலிருந்து வருகிறார் என்பதும் சேர்ந்ததுதான் கணக்கு. 20இலிருந்து வரும் யூசரும் 57இலிருந்து வரும் யூசரும் அதற்கு வெவ்வேறு ஆட்கள். 'ரீநேம் யூசர்' கட்டளையால் முகவரிப் பகுதியை மாற்றினால் உரிமைகளும் கூடவே வந்துவிடும், புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. இந்தக் கட்டளையைப் பலரும் பயன்படுத்துவதே இல்லை. அதன்பிறகு பேக்கப் ஸ்கிரிப்ட், பிரிண்டர், கடைக் கணினிகளில் சேமித்து வைத்த புக்மார்க் என்று 20 எழுதியிருக்கிற இடமெல்லாம் தேடித் திருத்த வேண்டும்.

இரண்டாவது வழி, விஎம்முக்கு அதன் பழைய முகவரியையே திருப்பிக் கொடுப்பது. நான் எப்போதும் இதைத்தான் செய்வேன். வீடு மாறியது கணினிதானே தவிர அப்ளிகேஷன் இல்லை. நெட்பிளானில் கார்டின் பெயரை ஈஎன்எஸ்18 என்று திருத்தி, 20ஐ நிரந்தரமாகக் கொடுத்து, 'நெட்பிளான் ட்ரை' போட்டோம். நாம் உறுதி செய்யாவிட்டால் தானாகப் பழையபடி திரும்பிவிடும் என்பதால் 'அப்ளை'யைவிட அது நல்லது. கணக்குத் திரை வந்தது. பாஸ்வேர்ட், ஃபயர்வால், டேட்டாபேஸ் எதையும் தொடவில்லை.

இணையத்தில் இந்தப் பிழையைத் தேடினால் கிடைக்கும் மருந்து ஒன்று இருக்கிறது: பைண்ட் அட்ரஸை (மைஎஸ்க்யூஎல் காது கொடுக்கும் முகவரியை) 0.0.0.0 ஆக்கு, யூசரின் முகவரியில் சதவீதக் குறி போட்டு எங்கிருந்தும் வரலாம் என்று ஆக்கு, ஃபயர்வாலை நிறுத்து. மூன்றையும் சேர்த்துச் செய்தால் பல நேரம் வேலை செய்யும், அதை மறுக்கவில்லை. ஆனால் மூன்றில் எது தேவைப்பட்டது என்று செய்தவருக்கே தெரியாது, மூன்று கதவும் திறந்தே கிடக்கும். அந்த டேட்டாபேஸில் அப்பளம் இடும் ஒவ்வொரு பெண்ணின் பெயரும் போன் நம்பரும் வாங்கிய முன்பணமும் இருக்கிறது. கடை வைஃபையின் பாஸ்வேர்ட் தெரிந்த யாரும் அதைப் பார்க்கும்படி விட நமக்கு உரிமை இல்லை. அவசரத்துக்குத் திறந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் திறக்க வேண்டும், காரணம் தெரிந்ததும் மூடிவிட வேண்டும்.

இதோடு முடியவில்லை. அந்த வாரமே மத்தியானம் கரண்ட் போய் வந்தது. அதன்பிறகு கணக்குத் திரை வருவதும் போவதுமாக இருந்தது. பத்து நிமிஷம் நன்றாக ஓடும், அப்புறம் டேட்டாபேஸ் கிடைக்கவில்லை என்கும், மறுபடி தானாக வரும். லாக்கில் அதே டைம்டு அவுட்.

விட்டுவிட்டு வரும் கோளாறுதான் ஆளை அலைக்கழிக்கும். விதிகள் தவறாக இருந்தால் எப்போதும் தவறாகத்தான் இருக்கும், ஃபயர்வால் மனம் மாறாது. அதனால் ஏதோ ஒன்று நடுவில் மாறிக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. டேட்டாபேஸ் விஎம்மில் 'ஐபி நெய்பர்' என்ற கட்டளையைப் போட்டுப் பார்த்தோம். எந்த ஐபி எந்த மேக் முகவரியில் (நெட்வொர்க் கார்டின் சொந்த எண்ணில்) இருக்கிறது என்று அந்தக் கணினி நினைத்துக்கொண்டிருப்பதை அது காட்டும். 192.168.1.20க்கு நேராக இருந்த மேக் முகவரி 00:0சி:29 என்று தொடங்கியது.

மேக் முகவரியின் முதல் மூன்று ஜோடி, கார்டைச் செய்தவர் யார் என்பதைச் சொல்லும். 00:0சி:29 விஎம்வேர் தானாகக் கொடுப்பது. விர்ச்சுவல்பாக்ஸ் என்றால் 08:00:27. ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1இலிருந்து பிசி:24:11 என்று தொடங்கும். நம் வெப் விஎம் ப்ராக்ஸ்மாக்ஸில் அல்லவா இருக்கிறது? அப்படியானால் 20 என்று பதில் சொல்லும் இந்த விஎம்வேர் ஆள் யார்?

பழைய வெப் விஎம்தான். மாற்றியவர்கள் அதை அணைத்துவிட்டுப் போனார்களே தவிர, தானாக எழும் அமைப்பை எடுக்கவில்லை. கரண்ட் வந்ததும் பழைய கணினி பூட் ஆகி, டேட்டாபேஸ் விஎம்மோடு சேர்த்து அதையும் எழுப்பிவிட்டது. ஒரே நெட்வொர்க்கில் இரண்டு 20. புதிய விஎம் கேள்வி கேட்கும்; டேட்டாபேஸ் பதிலைப் பக்கத்திலேயே இருக்கிற பழைய விஎம்முக்கு அனுப்பிவிடும். பழையது, 'நான் கேட்கவே இல்லையே' என்று அந்தப் பதிலை வெட்டிவிடும். கேட்டவர் காத்திருந்து காத்திருந்து டைம்டு அவுட் ஆகிவிடுவார். கொஞ்ச நேரத்தில் நினைவில் இருக்கும் மேக் முகவரி மாறினால் எல்லாம் சரியானதுபோல இருக்கும்.

பழைய விஎம்மை நிறுத்தி, தானாக எழுவதை எடுத்து, அதன் நெட்வொர்க் கார்டையும் அமைப்பில் கழற்றிவிட்டோம். அழிக்கவில்லை. ஒரு மாசக் கூலிக் கணக்கு புதியதில் ஒழுங்காக முடியும்வரை அது கிடக்கட்டும் என்று அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறேன். டேட்டாபேஸ் ஒன்றே ஒன்றுதான் என்பதால் எந்த விஎம் வழியாகப் பதிந்தாலும் கணக்கு ஒரே இடத்தில்தான் விழுந்தது, நல்லவேளை. வெப்பும் டேட்டாபேஸும் ஒரே விஎம்மில் இருந்திருந்தால் பாதி மாவு ஒன்றிலும் மீதி இன்னொன்றிலும் பதிந்திருக்கும். அதைச் சேர்ப்பது பெரிய பாடு.

அப்படி இரண்டும் ஒரே விஎம்மில் இருக்கிறவர்களுக்கும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். லினக்ஸில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று கொடுத்தால் மைஎஸ்க்யூஎல் கிளையன்ட் நெட்வொர்க் வழியாகவே போகாது, அதே கணினிக்குள் இருக்கும் சாக்கெட் ஃபைல் வழியாகப் போகும். 127.0.0.1 என்று கொடுத்தால் டிசிபி வழியாகப் போகும். ஒன்று வேலை செய்து மற்றது செய்யவில்லை என்றால் எந்த வழி அடைபட்டிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். அடுத்தது பைண்ட் அட்ரஸ். அதில் பழைய முகவரியையே எழுதிவைத்திருந்து, அது இப்போது எந்தக் கார்டிலும் இல்லை என்றால் மைஎஸ்க்யூஎல் கிளம்பவே கிளம்பாது. டிசிபி வழியாகப் போகும் அப்ளிகேஷனில் ரெஃப்யூஸ்டு என்று வரும், காரணம் மைஎஸ்க்யூஎல்லின் சொந்த லாக்கில் இருக்கும்.

லாரவெல் என்ற பிஹெச்பி கட்டமைப்பில் எழுதி, கான்ஃபிக்கைக் கேஷ் செய்து (நகலாகச் சேமித்து) வைத்திருந்தால், முகவரி எழுதியிருக்கும் ஈஎன்வி ஃபைலைத் திருத்தியும் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும், கான்ஃபிக் கேஷை அழிக்கும்வரை. இது தெரியாமல் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அப்ளிகேஷன் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். முழுப் பிழையையும் எல்லார் கண்ணிலும் படும்படி திரையில் காட்டக் கூடாது என்பது சரிதான். அதில் யூசர் பெயரும் உள் முகவரியும் இருக்கும். ஆனால் லாக்கில் அது முழுதாக இருக்க வேண்டும், அந்த லாக் எங்கே இருக்கிறது என்று கடைக்காரரிடம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இந்தக் கடையில் லாக் ஃபைலைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குத்தான் பிழையைக் கண்டுபிடிப்பதைவிட அதிக நேரம் ஆனது. அம்பாசமுத்திரத்திலும் வீரவநல்லூரிலும் இப்படிச் சின்னச் சின்ன அப்ளிகேஷனை நம்பி எத்தனையோ கடைகள் ஓடுகின்றன. அவசரத்துக்கு வந்து பார்க்க ஆள் பக்கத்தில் இருக்க மாட்டார். அங்கே இருக்கிற பிள்ளை படித்துப் புரிந்துகொள்ளும்படி ஒரு வரி இருந்தால் பாதி வேலை அவளே முடித்துவிடுவாள். கரண்ட் போன அன்றைக்கு 'அதே டைம்டு அவுட்தான் அண்ணே, ரெஃப்யூஸ்டு இல்ல' என்று அந்தப் பெண்தான் போனில் வாசித்துச் சொன்னாள். அதனால்தான் டேட்டாபேஸ் ஓடுகிறதா என்று பார்க்கும் வேலையை விட்டுவிட்டு நேராக முகவரிக்குப் போக முடிந்தது.

இனி டேட்டாபேஸ் விஎம்மையும் மாற்ற வேண்டும். கூலி முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம். முதலில் அப்ளிகேஷனை நிறுத்திவிட்டு, மைஎஸ்க்யூஎல்டம்ப் என்ற பேக்கப் கட்டளையில் சிங்கிள் டிரான்ஸாக்ஷன் என்ற தேர்வைப் போட்டு ஒரு பேக்கப் எடுத்து வெளி டிஸ்க்கில் வைப்போம். பிறகு விஎம்மை முறையாக அணைத்து, தானாக எழுவதை எடுத்து, கார்டைக் கழற்றிவிட்டுத்தான் டிஸ்க்கை நகலெடுப்போம். ப்ராக்ஸ்மாக்ஸில் பழைய மேக் முகவரியையே கையால் கொடுத்து, நெட்பிளானில் கார்டின் பெயரை மட்டும் திருத்தினால் போதும். பிங், போர்ட், லாகின் என்று வரிசையாகப் பார்த்த பிறகு, அந்தப் பெண் முந்தின நாள் கூலிப் பட்டியலின் பிரிண்டைக் கையில் வைத்துக்கொண்டு மொத்தத் தொகையைத் திரையோடு ஒப்பிடுவாள். தொகை ஒத்துவந்தால் திங்கள்கிழமை காலை மாவு எடை போடும்போது புதிய கணினியில் பதியலாம். வராவிட்டால் பழைய விஎம்மின் கார்டைத் திரும்ப மாட்டிவிட்டு அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்வோம்.